ஒரு பலகை, நான்கு பிட்: மட்டம் தட்ட எது உதவும்?

தூங்குமூஞ்சி மரப் பலகை. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் கனம். அறுத்து ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நிழலில் காய்ந்தது. தரையில் கிடத்தி ஒரு மூலையை மிதித்தால் எதிர்மூலை எழும்பியது. முறுக்கு! நூல் பிடித்துப் பார்த்தேன். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 7 மி.மீ. வித்தியாசம். இழைப்புளி பிடித்தால் தோள்பட்டை தாங்காது. இவ்வளவு அகலத்தை உள்ளே வாங்கும் பிளேனர் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. மிச்சமிருந்த வழி ரூட்டரும் ஸ்லெட்டும்தான்.

ஸ்லெட் பெரிய வித்தை இல்லை. பலகையின் இருபுறமும் ஒரே மட்டத்தில் இரண்டு தண்டவாளம், அவற்றின் மேல் குறுக்கே ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஓடும் ரூட்டர். பலகை எப்படிக் கோணியிருந்தாலும் பிட் ஒரே உயரத்தில் சீவிக்கொண்டு போகும். என்னிடம் இருப்பது மக்கிட்டா ஆர்பி2301எஃப்சி. பிட்டைக் கவ்விப் பிடிக்க அரை அங்குல காலெட் போட்டிருக்கிறேன்; வேகத்தை 9,000 முதல் 22,000 சுற்று வரை மாற்றலாம். பலகையை நான்காகப் பிரித்து, பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கிவிட்டு, நான்கு பிட்களையும் இறக்கிப் பார்த்தேன். கிறுக்கல் அழியாத இடம் பள்ளம், அதுதான் அளவுகோல்.

12 மி.மீ. ஸ்ட்ரெயிட் பிட்

ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைப்பது, விலையும் குறைவு. வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்திலும் வெட்டும் முனை இருக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் வெட்டுவது இந்த வேலைக்கு உதவாது. வெட்டு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் பாதி பிட் ஏற்கெனவே சீவிய தடத்தின் மேல் போக வேண்டும். அப்படியானால் ஓர் ஓட்டத்துக்கு 6 மி.மீ.தான் முன்னேறலாம். ஆறடிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 305 ஓட்டம். 7 மி.மீ.யைத் தட்ட இரண்டிரண்டு மி.மீ.யாக இறங்கினால் அதை நான்கு முறை செய்ய வேண்டும். சின்ன வெட்டுப்பலகைக்குச் சரி, மேசைக்கு ஆகாது.

ஸ்பைரல் பிட்

முழுக்க கார்பைடு. திருகு போல முறுக்கிய வெட்டு, தூளை மேலே அள்ளி வீசுகிறது. மிக வழவழப்பு. ஆனால் விட்டம் சிறியது என்பதால் ஓட்டக் கணக்கு மாறாது, விலையோ அதிகம். காடி எடுக்க அருமையான பிட். மட்டம் தட்ட இதை வாங்குவது வீண்.

38 மி.மீ. அடிமட்ட பிட், மூலை உருண்டது

வெட்டும் பகுதி குட்டை, விட்டம் அகலம். ஒரு ஓட்டத்துக்கு 19 மி.மீ. நகரலாம், 96 ஓட்டத்தில் ஆறடி முடிந்துவிடும். இதன் மூலை உருண்டிருப்பதுதான் விசேஷம். மூலை கூராக இருக்கும் பிட், ரூட்டர் இம்மியளவு சாய்ந்தாலும் தடத்துக்குத் தடம் படிக்கட்டு விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, பாலிஷ் ஏறி சாய்வாக வெளிச்சம் விழும்போது வரிவரியாகக் காட்டிக்கொடுக்கும். உருண்ட மூலை அந்தப் படியை மழுங்கடித்துவிடுகிறது. உள்ளங்கையால் தடவினேன், லேசான அலை மட்டுமே. 80 நம்பர் உப்புத்தாள் போதுமாக இருந்தது.

50 மி.மீ. இன்சர்ட் பிட்

சதுரச் சில்லுகளைத் திருகி மாட்டிய பிட். ஒரு முனை மழுங்கினால் திருகைத் தளர்த்தி அடுத்த முனைக்குத் திருப்பலாம். ஒரு சில்லுக்கு நான்கு முனை. 73 ஓட்டம் போதும். தூங்குமூஞ்சியின் நார் பின்னிப் பின்னி ஓடுவது. மற்ற பிட்கள் மயிர் பிடுங்கிய மாதிரி விட்ட இடங்களில்கூட இது சுத்தமாக வெட்டியது. ஒரு குறை உண்டு. சில்லைத் திருப்பும்போது அதன் இருக்கையில் ஒட்டிய பிசினைத் துடைக்காவிட்டால், சில்லு ஒரு மயிரிழை தூக்கி உட்கார்ந்து பலகை முழுக்கக் கோடு போடும். நான்கில் விலை அதிகமானதும் இதுதான். வாங்குமுன் உங்கள் ரூட்டரின் அடித்தட்டுத் துளை இதை விடுமா என்று அளந்துகொள்ளுங்கள்.

ஷாங்க் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

காலெட்டுக்குள் போகும் பிட்டின் தண்டுதான் ஷாங்க். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று ஒரு கடையில் 12 மி.மீ. ஷாங்க் கொண்ட ஸ்பைரல் பிட்டைக் கொடுத்தார்கள். என் காலெட்டில் இறுகியது போலத்தான் இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில் சத்தம் மாறியது. பிட் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு, பலகையில் விரல் நுனி புதையும் அளவுக்கு ஒரு குழி தோண்டியிருந்தது. அந்தக் குழி மறைய முழுப் பலகையையும் கூடுதலாக இறக்க வேண்டியதாயிற்று. பலகை போனால் போகட்டும், பிட் வெளியே பறந்திருந்தால்? காலெட்டும் ஷாங்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கால் அங்குல ஷாங்கில் அகலமான பிட் வேண்டவே வேண்டாம்.

வேகம்

22,000 சுற்றில் 12 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் விளிம்புக்கு 207 கி.மீ. அதனால் அகலமான பிட்டை 16,000-க்கு மேல் நான் ஏற்றுவதில்லை. பிட்டின் மேல் அச்சிட்ட உச்ச வேகம் அதைவிடக் குறைவு என்றால் அதுதான் சட்டம். வேகத்தை மாற்ற முடியாத ரூட்டருக்கும், 6 மி.மீ. காலெட் கொண்ட டிரிம்மருக்கும் அகல பிட் ஆகாது.

பக்கத்துப் பட்டறை ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிட்டுல மட்டம் இல்ல தம்பி, தண்டவாளத்துல இருக்கு." உண்மைதான். சட்டம் நடுவில் தொய்ந்தால் எவ்வளவு விலை கொடுத்த பிட்டும் பலகையைத் தட்டாகக் குழிக்கும். முதலில் தண்டவாளத்துக்கு ரசமட்டம் வையுங்கள்.

என் தீர்ப்பு இது: வருடத்துக்கு ஒன்றிரண்டு மேசை செய்பவருக்கு, அரை அங்குல ஷாங்க் கொண்ட, மூலை உருண்ட 38 மி.மீ. பிட் போதும். மாதா மாதம் பலகை தட்டுபவர் இன்சர்ட் பிட்டில் பணம் போடலாம். இரண்டு மி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் இறக்காதீர்கள். கடைசி ஓட்டத்தை அரை மி.மீ.யில், நார் போகும் திசையில் முடியுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் சுவிட்சில் கை வைக்காதீர்கள். அன்று முழுக்கப் பட்டறையில் பறந்த தூளைக் கூட்டி அள்ளியபோது இரண்டு சாக்கு நிறைந்தது.