ஹைட்டியின் வறுமை யாருடைய கணக்கு?

புரட்சிகளை அவற்றின் விளைவைக் கொண்டு எடைபோடும் வழக்கம் மறுபடியும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அமெரிக்கப் புரட்சி நிலையான அரசைத் தந்தது, பிரெஞ்சுப் புரட்சி கில்லட்டினையும் நெப்போலியனையும் தந்தது, ஆகவே நிதானமே நல்லது என்பார்கள். ஹன்னா அரெண்ட் 1963இல் எழுதிய 'புரட்சி குறித்து' நூலை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இந்த முறையில் நியாயம் உண்டு. கொடியேறிய நாளின் ஆரவாரத்தை மட்டும் வைத்து ஒரு புரட்சியை மெச்சிவிட முடியாது. இருபதாண்டு கழித்து உழுதவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டே ஆகவேண்டும். வறுமையின் அவசரம் அரசியல் சுதந்திரத்தை விழுங்கிவிடும் என்ற அரெண்டின் எச்சரிக்கைக்கும் பாரிஸ் சாட்சி.

ஆனால் புரட்சி செய்தது எது, புரட்சிக்குச் செய்யப்பட்டது எது என்று இவர்கள் பிரித்துப் பார்ப்பதே இல்லை. என் நெடுநாளைய மறுப்பு இதுதான். ஹைட்டிக்கு அரெண்டின் நூலில் இடமில்லை. மற்றவர்கள் அதைப் பேசினால், புரட்சி ஒரு நாட்டை எப்படிப் பாழாக்கும் என்பதற்கு உதாரணமாகவே பேசுகிறார்கள்.

1791 ஆகஸ்டில், அப்போது பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைவர் துஸ்ஸேன் லூவர்த்யூர் 1803இல் பிரெஞ்சுச் சிறையில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் நெப்போலியனின் படை வெர்த்தியேரில் தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று விடுதலை. துஸ்ஸேன் விடுதலை பெற்றவர்களையே தோட்டங்களோடு பிணைத்ததும், அவருக்குப் பின் தலைமையேற்ற தெசலின் ஆணையிட்டு வெள்ளையரைக் கொன்றதும் புரட்சியின் கணக்கில் ஏற வேண்டியவைதான்.

1825 யாருடைய கணக்கு? அந்த ஆண்டு பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரத்துக்கு விலையாக 15 கோடி ஃபிராங்க் கேட்டார். தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈட்டுத்தொகை அது. அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம். அடிமைகளாக இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தங்கள் உடலுக்கான விலையைப் பழைய எசமானர்களுக்கே கட்டினார்கள். முதல் தவணைக்கே பாரிஸில் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1838இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அப்படியும் கடனை அடைக்கக் கடன் என்று அந்தச் சுமை இருபதாம் நூற்றாண்டு வரை நீண்டது. காப்பி விற்ற பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போகவில்லை, பாரிஸுக்குப் போனது. எந்தப் புரட்சியும், எவ்வளவு நிதானமாக நடந்திருந்தாலும், இந்தச் சுமையோடு ஒரு நாட்டை நிமிர்த்தியிருக்காது.

இவர்கள் போற்றும் அமெரிக்கா 1862 வரை ஹைட்டியை அங்கீகரிக்கவே இல்லை. அமெரிக்காவில் 1790இல் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். 1860இல் ஏறக்குறைய 40 லட்சம். அந்த நிலையான அரசின் விலையை அந்த அடிமைகள்தாம் கொடுத்தார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதுவதை விளைவுகளின் ஆய்வு என்று எப்படிச் சொல்வது?

ஹைட்டியின் வறுமையைப் புரட்சியின் விளைவு என்று எழுதுகிறவர்கள் 1825ஐயும் அதே பக்கத்தில் எழுதட்டும். அதுவரை அதை நான் வரலாறாக ஏற்கமாட்டேன்.