ஐம் நாட் இன் லவ்: குரல்களால் கட்டப்பட்ட இசைக்கருவி

‘ஐம் நாட் இன் லவ்’ இங்கிலாந்தின் 10சிசி குழு 1975-ல் வெளியிட்ட ராக் பேலட் வகைப் பாடல். எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மன் இருவரும் எழுதியது. ‘தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்’ இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்தையும், அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் இரண்டாமிடத்தையும் அடைந்தது.

பின்னணி

இப்பாடல் முதலில் போஸா நோவா தாளத்தில் பதிவாகி, பிடிக்காமல் கைவிடப்பட்டது. ஸ்டாக்போர்ட் நகரின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக்கூட ஊழியர்கள் அதன் மெட்டைப் பாடிக்கொண்டே இருந்ததால் குழுவினர் மீண்டும் எடுத்தார்கள். குரல்களை மட்டுமே கொண்டு செய்து பார்க்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் கெவின் காட்லி. ஸ்டூவர்ட் அக்கூடத்தின் நிறுவனர்களில் ஒருவர், ஒலிப்பொறியாளரும் அவரே. வாடகைக்கு எடுத்த கூடத்தில் இத்தகைய சோதனைக்கு நாட்கள் கிடைப்பது அரிது.

பதிவு முறை

கோல்ட்மன், காட்லி, லால் கிரீம் மூவரும் ஒரே சுரத்தைச் சேர்ந்து 16 முறை பாடினார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல்கள். அரைச்சுர வரிசையில் 13 சுரங்களுக்கு இவ்வாறு பாடியபோது மொத்தம் 624 குரல்கள் சேர்ந்தன. ஒவ்வொரு சுரமும் சுமார் 12 அடி நீள நாடா வளையமாக ஒட்டப்பட்டது. இயந்திரத்துக்குள் அடங்காத வளையத்தை மைக் தாங்கியைச் சுற்றி ஓடவிட்டு, 16 தடப் பதிவுக்கருவியில் ஒரு சுரத்துக்கு ஒரு தடமாகத் தொடர்ச்சியாகப் பதிந்தனர். அதன்பின் கலவை மேசையின் ஃபேடர்களே விசைப்பலகையாயின. நால்வரும் மேசை முன் அமர்ந்து, தேவையான சுரங்களை ஏற்றியும் இறக்கியும் பாடலின் இசைவுகளை வாசித்தனர்.

மற்ற கருவிகள் மிகக் குறைவு. ஸ்டூவர்ட்டின் ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, கோல்ட்மனின் கிதார், பாஸ் டிரம்முக்குப் பதிலாக மூக் சிந்தசைசரில் காட்லி எழுப்பிய மெல்லிய அடி. நடுப்பகுதியில் பாஸ் கிதாரும், குழந்தைகளின் பொம்மை இசைப்பெட்டியும், கூடத்தின் பெண் ஊழியர் ஒருவரின் கிசுகிசுப்பும் வருகின்றன.

மதிப்பீடு

குரல்களைச் சுரவிசைகளாக்குவது அன்று புதிதல்ல. மெலட்ரான் அதைத்தான் செய்தது. ஆனால் அதன் ஒவ்வொரு விசைக்கும் உள்ள நாடா சுமார் 8 நொடிகளில் தீர்ந்துவிடும். வளையத்துக்கு முடிவில்லை. மூச்சு வாங்காத குரல் மனிதக் குரலாகவும் ஒலிக்கிறது, மனிதரால் இயலாததாகவும் ஒலிக்கிறது.

ஃபேடர்கள் முற்றிலும் கீழிறங்காதபடி அடியில் ஒட்டுநாடா ஒட்டினார்கள். எனவே எந்த இசைவு ஒலித்தாலும் அதற்குப் பொருந்தாத சுரங்களும் அடியில் மங்கலாகக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இப்பாடலின் வெற்றி இங்கேதான். பாடுபவன் தனக்குக் காதலே இல்லை என்று சாதிக்கிறான். அவன் மறுப்பதைப் பின்னணி மறைக்கவிடுவதில்லை. சொற்கள் ஒளிப்பதை ஒலி காட்டிக்கொடுக்கிறது. தொழில்நுட்பம் இங்கே அலங்காரம் அல்ல, பொருளின் பாதி. இதே வரிகளை வழக்கமான வயலின் குழுவுடன் பாடியிருந்தால், பிடிவாதக்காரன் ஒருவனைப் பற்றிய வேடிக்கைப் பாடலாக நின்றிருக்கும்.

குறை நடுப்பகுதியில் உள்ளது. குரல்திரை ஏற்கெனவே உணர்த்திவிட்ட சோகத்தைக் கிசுகிசுப்பு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. இசைப்பெட்டியும் இரக்கத்தைச் சற்று வலிந்து கேட்கிறது.

இன்று இத்தகைய குரல்திரையை மென்பொருளில் ஒரு விசையைத் தட்டிப் பெறலாம். ஆனால் அங்கே அழுத்தாத சுரம் முழு மௌனமாகிவிடும். இப்பாடலில் எந்தச் சுரமும் முழுதாக மௌனமாவதில்லை. மறுக்கும் மனத்துக்கு அதுவே பொருத்தமான இசை.