திரைக்கு வந்த பழைய விமானங்கள்

2006-இல் வெளிவந்த 'கசினோ ராயல்' படத்தில், மயாமி விமான நிலையத்தில் நிற்கும் ஒரு புத்தம்புது விமானத்தைத் தகர்க்கச் சதி நடக்கும். கதையில் அதன் பெயர் ஸ்கைஃப்ளீட் எஸ்570. நிஜத்தில் அது பிரிட்டிஷ் ஏர்வேஸில் பறந்து தேய்ந்த போயிங் 747-200, பதிவெண் ஜி-பிடிஎக்ஸ்ஜே. உடைப்புக்குப் போகவிருந்த அதை இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள டன்ஸ்ஃபோல்டு விமானத்தளத்தில் நிறுத்தி வேடம் கட்டினார்கள். இறக்கைகளின் வெளிப்புற என்ஜின்களுக்குப் பதிலாக எரிபொருள் தொட்டிகள் தொங்கின. உட்புறத்தில் இரட்டை என்ஜின் போலத் தோன்றும் பொய்க்கூடுகள். விமானி அறையின் முகவெட்டையும் மாற்றினார்கள். படம் முடிந்த பிறகும் அந்த விமானம் அங்கேயே நின்றது. 'டாப் கியர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் கார் ஓட்டத் தடமும் அதே தளத்தில்தான் இருந்தது என்பதால், அந்நிகழ்ச்சி பார்த்தவர்களுக்கு அது பழகிய உருவம்.

ஓய்வுபெற்ற விமானங்களைத் திரைக்காக வெட்டி ஒட்டுவதை வீண்செலவு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. பறப்பதை நிறுத்திய விமானத்தில் விலை பெறுவது என்ஜின், சக்கரத் தொகுதி, விமானி அறைக் கருவிகள் போன்றவைதான். அவற்றைக் கழற்றி உதிரிபாகச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சுவது எடைக்குப் போகும் அலுமினியக் கூடு. திரைத்துறை கேட்பது பெரும்பாலும் அந்தக் கூட்டைத்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. தன் பெயர் எழுதிய விமானம் திரையில் விழுந்து நொறுங்குவதை எந்த விமான நிறுவனமும் விரும்பாது. அதனால்தான் 1996-இல் வந்த 'எக்ஸிக்யூட்டிவ் டிசிஷன்' படத்திலும், 2004-இல் தொடங்கிய 'லாஸ்ட்' தொடரிலும் 'ஓஷியானிக்' என்ற கற்பனை நிறுவனமே ஆபத்தில் சிக்குகிறது. ஓய்வுபெற்ற கூட்டில் எந்தப் பெயரையும் எழுதலாம்.

கலை நோக்கில் இதன் பெரிய பலம் எடை. 'டெனெட்' (2020) படத்தில் ஒரு 747 மெதுவாக உருண்டுபோய்க் கட்டடத்தில் மோதும். அதைச் சிறு மாதிரிகளையும் கணினி வரைகலையையும் கொண்டு எடுக்கத்தான் கிறிஸ்டோபர் நோலன் முதலில் எண்ணியிருந்தார். கலிஃபோர்னியாவின் விக்டர்வில் விமானத்தளத்தில் வரிசையாக நின்ற பழைய விமானங்களைப் பார்த்த பிறகு, நிஜ விமானத்தை வாங்கி மோதவிடுவதே சிக்கனம் என்று தெரிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியில் வேகம் இல்லை; ஆனாலும் நெஞ்சு பதறுகிறது. அத்தனை பெரிய பொருள் நின்றுவிடாமல் நகர்ந்துகொண்டே இருப்பதை நம் கண் நம்புகிறது. அந்த நம்பிக்கையை வரைகலையால் இவ்வளவு சுலபமாகத் தந்துவிட முடியாது.

விமானத்தின் உள்ளே எடுக்கும் காட்சிகளுக்கு இதே வாதம் அவ்வளவு பொருந்தவில்லை. உண்மையான பயணியர் அறை குறுகலானது. கேமராவுக்கும் விளக்குக்கும் அங்கே இடமில்லை. அதனால் கூட்டைத் துண்டுகளாக வெட்டி, பக்கச்சுவர்களைக் கழற்றி மாட்டும்படி அமைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள 'ஏர் ஹாலிவுட்' இத்தகைய அறைகளை வாடகைக்கு விடும் நிறுவனம். சுவர் கழன்று வரும் அறையை முழு நிஜம் என்று சொல்ல முடியாது. நல்ல அரங்கம் என்று சொல்லலாம். ஆனால் அந்த அறைகளுக்குப் படப்பிடிப்பைத் தாண்டியும் பயன் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் விமானப் பயணத்தை முன்கூட்டியே பழகிக்கொள்ள அந்நிறுவனம் அவற்றைத் திறந்துவிட்டிருக்கிறது. இந்த வழக்கத்தால் விளைந்த நன்மைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது பாதுகாப்பு. பழைய ஜெட் விமானங்களின் ஹைட்ராலிக் எண்ணெய் தோலையும் கண்ணையும் எரிக்கும். அவசரச் சறுக்குகளை ஊதும் வாயுக் குப்பிகளில் அழுத்தம் மிஞ்சியிருக்கலாம். ஆரம்பகால 747, டிரைஸ்டார் விமானங்களில் சமன் எடைக்காகச் செறிவு குறைந்த யுரேனியத்தையும் வைத்திருந்தார்கள். விவரம் அறிந்தவர்கள் சோதித்து அனுமதித்த பிறகே ரம்பம் இறங்க வேண்டும்.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 'லாஸ்ட்' கதைப்படி தீவில் விழுந்தது போயிங் 777. ஹவாயின் ஓவாஹூ தீவில் மொகுலேயா கடற்கரையில் சிதறிக் கிடந்ததோ டெல்டா நிறுவனத்தில் பறந்த லாக்ஹீட் எல்-1011 டிரைஸ்டார். மூன்று என்ஜின் விமானத்தை இரண்டு என்ஜின் விமானம் என்று நம்பச் சொன்னார்கள். கதைக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் டிரைஸ்டார் மொத்தம் 250 மட்டுமே தயாரான வகை. தன் காலத்தில் தானியங்கித் தரையிறக்கத்தில் முன்னோடி. அப்படிப்பட்ட ஒன்று தன் பெயரைக்கூட இழந்து மணலில் கிடந்தது.

'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (2005) படத்துக்காக ஸ்பீல்பெர்க் குழு நொறுக்கிய 747-க்கும் இதே கதிதான். அது ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸில் பறந்தது. ஜப்பானிய உள்நாட்டுப் பயணங்களில் ஓயாமல் ஏறி இறங்குவதற்காகவே உடல் வலுவூட்டித் தயாரித்த தனி வகை. யுனிவர்சல் ஸ்டுடியோவின் சுற்றுலா வண்டி அதன் சிதைவுகளினூடே போகிறது. பயணிகள் நினைவில் கொண்டுபோவது படத்தை மட்டும்தான்.

தொலைக்காட்சிக்காக விமானத்தை அழித்ததிலும் பொருளுள்ள ஒரு முயற்சி உண்டு. 2012-இல் மெக்ஸிகோவின் மெக்ஸிக்காலி அருகே பாலைவனத்தில் ஒரு போயிங் 727-ஐ ஆளில்லாமல் இயக்கி வேண்டுமென்றே மோதவிட்டார்கள். உள்ளே சோதனைப் பொம்மைகளும் அளவுக்கருவிகளும் இருந்தன. முன்பகுதி பிய்ந்துபோனது; பின்னிருக்கைகள் அதிகம் தப்பின. ஒரே ஒரு மோதலை வைத்து எல்லா விபத்துக்கும் விதி எழுத முடியாது என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த விமானத்தின் வகை, மோதிய வேகம், கோணம் எல்லாம் பார்வையாளருக்குச் சொல்லப்பட்டன. கதைப்படங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த நேர்மையைத்தான்.

ஆகவே டன்ஸ்ஃபோல்டு வழிதான் மேலானது: வெட்டிச் சிதைக்காமல் வேடம் கட்டு, படம் முடிந்தும் நிறுத்தி வை, அடுத்தவருக்கும் பயன்படட்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2020-இல் தன் 747-கள் அனைத்துக்கும் ஓய்வு கொடுத்தபோது, அதே தளத்துக்கு மேலும் சில 747-கள் வந்து சேர்ந்தன.

வெட்டியே தீர வேண்டும் என்றால், தயாரிப்பாளர்கள் இரண்டு காரியம் செய்யட்டும். ரம்பம் இறங்கும் முன் விமானத்தை உள்ளும் புறமும் முழுமையாகப் படமெடுத்து ஏதாவதொரு விமான அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கட்டும். படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் சமையல் குழுவின் பெயரும் வண்டி ஓட்டியவர்களின் பெயரும் வருகின்றன. அங்கேயே விமானத்தின் வகையையும் பதிவெண்ணையும் அது பறந்த நிறுவனத்தையும் ஒரு வரியில் சேர்க்கட்டும்.