நிரைகோட் கதையும் மின்கித்தாரும்

வெட்சித் திணை கற்பார்க்கு அயர்லாந்து நெடுந்தொலைவன்று. அந்நாட்டின் பழங்கதையாகிய 'டோயின்', நிரைகோடலையே பொருளாகக் கொண்டது. கொனாக்ட் நாட்டரசி மேவ், அல்ஸ்டர் நாட்டின் கபிலநிறக் காளையைக் கவரப் படையொடு வருகிறாள்; கூகுலன் என்னும் இளவீரன் தனித்து நின்று தடுக்கிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏடுகளிற் கிடைக்கும் இக்கதையை 1973-இல் ராக் இசையில் பாடிற்று, டப்ளின் நகரில் 1970-இல் தோன்றிய ஹார்ஸ்லிப்ஸ் இசைக்குழு. பழங்கதையைப் புதுக்கருவியிற் பாடிய அளவில் மரபு வாழ்ந்துவிடுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

1972-இல் வந்த முதல் இசைத்தட்டில் நாட்டுப்புற மெட்டும் ராக் இசையும் அருகருகே நிற்கின்றன, கலந்தன என்றற்கில்லை. 'டோயின்' இசைத்தட்டில் நிலை மாறுகிறது. கூகுலன் கூற்றாக அமைந்த 'டியாரக் டூம்' என்னும் பாட்டில் மின்கித்தார் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் இசைத்தொடர், ஓ நீல் குடியினரின் பழைய படைநடை மெட்டேயாம். மொழி ஆங்கிலம், தாளமும் அயலது எனக் குறை கூறுவார் கூறுக. எலும்பு பழையது. 1990-இல் உலகக் கால்பந்துப் போட்டிக்குச் சென்ற அயர்லாந்து அணிக்குப் பாட்டமைத்தோர் இவ்விசைத்தொடரையே எடுத்தாண்டனர். பழமெட்டு என்று அறியாதாரும் அதனை வாய்விட்டுப் பாடினர்.

1976-இல் வெளியான 'படையெடுப்புகளின் நூல்' இன்னும் ஒருபடி மேற்சென்றது. உவகை, அவலம், துயில் என அயர்லாந்தின் பண்டை இசைமரபு வகுத்த முப்பிரிவே அதன் உறுப்பாயிற்று. பண்ணுக்குப் பொழுதும் சுவையும் வகுத்த நமக்கு இது புதுமையன்று. கதையை மட்டுமன்றி இசையிலக்கணத்தையும் முன்னோரிடம் பெற்ற இதுவே இக்குழுவின் தலையாய படைப்பென்பது நம் துணிபு. பின்வந்தவை (1977, 1978) அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த அயர்லாந்தியரைப் பாடின. பொருள் இழிந்ததன்று, ஆயின் பழமெட்டுகள் பின்னொதுங்கின. 1980-இல் குழு கலைந்தது. 2004-இல் மீண்டும் கூடியபோது மின்கருவிகளை ஒதுக்கித் தம் பழம்பாடல்களையே அவர்கள் பதிவு செய்தமை கருதத்தக்கது.

அயர்லாந்தின் பொருட்டு மட்டும் இதனை நாம் எழுதவில்லை. பாப்பாரப்பட்டியைச் சூழ்ந்த தருமபுரி நிலம் நடுகற்களின் நிலம். தொறு மீட்டுப் பட்டவன் பெயரும், அரசனின் ஆட்சியாண்டும், ஊரும் அக்கற்களில் உள்ளன. காட்சி முதலாகத் தொல்காப்பியர் கூறும் ஆறு துறைகளுள் இறுதியானது வாழ்த்து. கல் எஞ்சிற்று, வாழ்த்தின் இசை எஞ்சவில்லை. ஹார்ஸ்லிப்ஸ் குழுவினர்க்குக் கதை ஏட்டிலும் மெட்டு இசைப்போர் கையிலுமாகக் கிடைத்தன. நமக்கோ கதையின் ஒரு துணுக்கே கல்லில் உளது. ஆயினும் தருமபுரி வட்டாரத்துப் பாரதக் கூத்து இருக்கின்றது. விராட பருவத்து நிரைமீட்சி அதற்குரிய கதையே. அதனைப் பாடும் தருக்கள் பெரும்பாலும் இசைக்குறியீட்டில் இல்லை. கூத்து வாத்தியாரின் நாவிலும் முகவீணைக்காரரின் விரலிலும் உள்ளன.