கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

கருக்கலைப்புக்கு வரும் பெண்ணிடம் நம் நாட்டு மருத்துவமனைகள் 'சி' படிவம் என்ற தாளில் கையொப்பம் பெறுகின்றன. 2003ஆம் ஆண்டு விதிகளுடன் வந்த படிவம் இது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைக் கேட்கிறது. பிறகு, இன்ன இடத்தில் என் கருவைக் கலைக்கச் சம்மதிக்கிறேன் என்ற பொருளில் ஒரே வாக்கியம். இடம், தேதி, கையொப்பம். அவ்வளவுதான். இந்தத் தாளைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். 1971இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கருக்கலைப்புச் சட்டம், கருவுற்ற பெண்ணின் சம்மதத்தையே கேட்கிறது. கணவரின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. 18 வயது நிரம்பாதவர்க்கும் மனநோய் உள்ளவர்க்கும் மட்டுமே பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. ஆயினும், "கணவரை அழைத்து வா" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. சட்டத்தில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது.

குறை எங்கே? யார் சம்மதிக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. எதைத் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும் என்பதைப் படிவம் சொல்லவில்லை. ஏழு வாரக் கருவை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளால் கலைக்கலாம்: முதலில் மிஃபிப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். வலி இருக்கும், உதிரப்போக்கு இரண்டு வாரம்கூட நீடிக்கலாம். நூற்றில் சிலருக்குக் கலைப்பு முழுமையாகாமல், பிறகு கருவியால் உறிஞ்சி எடுக்க நேரிடும். முதலிலேயே கருவியைப் பயன்படுத்தினால் சில நிமிடங்களில் முடியும். ஆனால் தொற்றும், அரிதாகக் கருப்பையில் காயமும் ஏற்படக்கூடும். மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவருக்கும், இரண்டு பேருந்து மாறி வருபவருக்கும் ஏற்ற முறை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இவற்றை அறியாமல் இட்ட கையொப்பம், அலகு குறிக்காத அளவீட்டைப் போன்றது. எண் இருக்கும், பொருள் இருக்காது.

2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேறொரு வழக்கு இங்கே வழிகாட்டும். பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சூலகங்களும், அவருடைய தாயாரின் சம்மதத்தோடு அகற்றப்பட்டன. இது செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றைச் சொல்லியே சம்மதம் பெற வேண்டும். உயிர் காக்கும் அவசரம் தவிர, ஒன்றுக்குத் தந்த சம்மதம் மற்றொன்றுக்கு ஆகாது. அப்படியானால் கருக்கலைப்புக்குச் சம்மதித்தவருக்குக் கேட்காமலே காப்பர்-டி பொருத்துவது எப்படி முறையாகும்?

தகவல் தந்தால் மட்டும் போதுமா? அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். கருக்கலைப்புக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பெண்களிடம் சொல்லும்படி அமெரிக்காவின் சில மாநிலங்கள் சட்டம் செய்தன. 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2004இல் வெளிவந்த பகுப்பாய்வு, கருக்கலைப்பு அந்த நோயின் வாய்ப்பைக் கூட்டவில்லை என்று காட்டியது. அச்சுறுத்தி மனத்தை மாற்றுவது ஆலோசனை ஆகாது. சொல்லாமல் மறைப்பதும் ஆகாது. இரண்டுமே அப்பெண்ணின் முடிவை வேறொருவர் எடுப்பதுதான்.

'சி' படிவத்தில் அரைப் பக்கம் கூட்டினால் போதும். எந்த முறை, என்ன அபாயம், எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் அச்சிட்டு, விளக்கிய மருத்துவரும் கையொப்பமிடலாம். அதுவரை, எந்தச் சிகிச்சையானாலும், கையொப்பமிடுமுன் நீங்களே கேளுங்கள்: என்ன செய்யப் போகிறீர்கள்? வேறு வழி உண்டா? என்ன நேரக்கூடும்? வேண்டாம் என்றால் என்ன ஆகும்? இந்த நான்குக்கும் விடை கிடைத்த பிறகு பேனாவை எடுங்கள்.