தேவதாஸ்: ஏடும் திரையும்

வங்க நாவலாசிரியர் சரத்சந்திரர் எழுதி 1917-இல் நூலாக வெளிவந்த 'தேவதாஸ்', வேதாந்தம் ராகவையாவின் இயக்கத்தில் 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் திரைப்படமாயிற்று. பின்னாளில் இந்த ஐதராபாத்தில் அன்னபூர்ணா ஸ்டூடியோவை நிறுவிய நாகேஸ்வரராவ் தேவதாஸாகவும், சாவித்திரி பார்வதியாகவும் நடித்தனர். இருமொழிச் சூழலில் வாழும் நம்மவருள் படத்தை அறியாதார் சிலர். நாவலைப் படித்தாரும் சிலரே.

நாவலில் தேவதாஸின் வீழ்ச்சிக்கு முதற்காரணம் கோழைமை. குடி பின்னர் வந்தது. பழிக்கு அஞ்சாமல் நள்ளிரவில் தன் அறைக்கு வந்த பார்வதியை ஏற்க அவன் துணியவில்லை. கல்கத்தா சென்று, அத்தகைய காதல் தனக்கு இருந்ததில்லை என்னும் பொருள்படக் கடிதம் எழுதுகிறான். மனம் மாறித் திரும்பியபோது காலம் கடந்துவிட்டது. மறுத்துரைத்தவளின் நெற்றியில் தூண்டிற்கோலால் அடித்து வடுவும் உண்டாக்குகிறான். சரத்சந்திரர் இவற்றுள் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கூறிய பின்னரே, இத்தகைய நற்பேறற்றவனுக்காக வேண்டிக்கொள்ளுமாறு வாசகரை நேரே இறைஞ்சுகிறார்.

அவ்வாசிரியர் குரல் ஒலித்த இடத்தைத் திரையில் சுப்பராமனின் இசையும் கண்டசாலாவின் குரலும் நிரப்பின. குற்றத்தை எடைபோடுமுன்னரே பாட்டு நம் இரக்கத்தைப் பெற்றுவிடுகிறது. ஆதலால் கோழைமை மறைந்து சோகமே நிலைத்தது. தாடி வளர்த்த காதலனுக்கெல்லாம் 'தேவதாஸ்' என்பது பெயராயிற்று. பார்வதியின் துணிவை மட்டும் சாவித்திரியின் கண்கள் குறைவின்றிக் காத்தன.

படம் சிறந்ததே. எனினும், உரிய வேளையில் சொல்லாத ஒரு சொல் இரு வாழ்வுகளை அழிக்கும் என்பதை நம் இளைஞர் நாவலிற்றான் தெளிவாகக் காண்பர். இரண்டையும் அவர்கள் அறிதல் வேண்டும்.