அழகான படமா, நம்பத்தக்க படமா?
(கோள்களின் நிழற்படங்களைத் திறனாய்வது குறித்து)

சனி பார்வை நம்மேல் படக் கூடாது என்று எள் விளக்கு ஏற்றுகிறோம். ஆனால், நாம் சனியைப் பார்த்திருக்கிறோமா? கோலா கிளாவாங்கில் ஒரு மாலை, பள்ளித் திடலில் சிறிய தொலைநோக்கி வைத்து மாணவர்களுக்குச் சனியைக் காட்டினேன். மிளகு அளவில், வளையத்தோடு தெரிந்தது. எனக்குச் சிலிர்த்தது. வரிசையில் முதலில் நின்ற பையனோ, "என்னா சார், இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தான்.

தவறு அவனுடையதல்ல. முதல் நாள் வகுப்பில், இணையத்தில் எடுத்த பளபளப்பான படங்களைத் திரை நிறையக் காட்டியவன் நான். அவை எப்படி உருவாயின என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கவிதையைத் திறனாயக் கற்பிக்கும் நாம், படத்தை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். வீட்டு முற்றத்தில் தொலைநோக்கி வைத்துக் கோள்களைப் படமெடுக்கும் ஆர்வலர்களின் இரண்டு படங்களை இங்கே திறனாய்வு செய்து பார்ப்போம்.

படம் பிறக்கும் விதம்

வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதும், வானில் அதன் அகலம் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன வட்டமும் காற்றுக் கொந்தளிப்பில் ஆற்றின் அடியில் கிடக்கும் காசுபோல் நடுங்கும். அதனால் ஆர்வலர்கள் ஒற்றைப் படம் எடுப்பதில்லை. காணொளியாக ஆயிரக்கணக்கான சட்டங்களைப் பதிவு செய்வார்கள். காற்று அமைதியாக இருந்த நொடிகளில் விழுந்த நல்ல சட்டங்களை மட்டும் மென்பொருள் பொறுக்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். 900 சட்டங்களை அடுக்கினால் படத்தின் இரைச்சல் ஒற்றைச் சட்டத்தில் இருப்பதைவிட 30 மடங்கு குறையும். பிறகு கூர்மைப்படுத்துவார்கள். காணொளியை நீளமாக எடுத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால், சில நிமிடங்களிலேயே மேகங்கள் இடம் மாறிவிடும்.

ஆக, ஒவ்வொரு படமும் தேர்வு செய்து தொகுத்த ஒரு பதிப்புதான். பதிப்பாசிரியர் எவ்வளவு நேர்மையானவர் என்பதே திறனாய்வாளரின் முதல் கேள்வி.

செபுவிலிருந்து ஒரு சிவப்பு

வியாழனில் மூன்று வெண்ணிறப் புயல்கள் ஒன்றிணைந்து, 2000ஆம் ஆண்டில் ஒரே வெள்ளைப் புயலாயின. 2006 பிப்ரவரியில், பிலிப்பைன்சின் செபு நகரில் 11 அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்த கிறிஸ்டோபர் கோ, அந்தப் புயல் சிவந்திருப்பதைத் தம் படத்தில் கண்டார். நிறத்தை மென்பொருளில் எப்படியும் மாற்றலாமே, எப்படி நம்புவது? புகழ்பெற்ற பெருஞ்சிவப்புப் புள்ளியும் வியாழனிலேயே இருக்கிறது. அதுவே அளவுகோல். சிவப்பை வேண்டுமென்றே கூட்டியிருந்தால், மற்ற வெண்மேகங்களும் சேர்ந்து சிவந்திருக்கும். அவை வெள்ளையாகவே இருக்க, இந்தப் புயல் மட்டும் பெரும்புள்ளியின் நிறத்தை எட்டியிருந்தது. பின்னர் ஹபிள் தொலைநோக்கியும் அதையே உறுதிப்படுத்தியது. படத்தின் பலம் அதன் அடக்கம்.

கண்ணைக் கவராத படம்

2009 ஜூலை 19. ஆஸ்திரேலியாவில் அந்தோனி வெஸ்லி தம் வீட்டிலிருந்து எடுத்த படத்தில், வியாழனின் தென்துருவம் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு. வெறும் மைக்கறை என்று புரட்டிவிட்டுப் போகலாம். துணைக்கோளின் நிழலோ என்று அவரும் ஐயுற்றார். ஆனால் திட்டு, கோளோடு சேர்ந்தே சுழன்றது. இரண்டு இரவுகளுக்கு முன் அதே பகுதியை எடுத்த படத்தில் அது இல்லை. ஏதோ ஒன்று மோதியிருக்க வேண்டும் என்று உலகுக்கு அறிவித்தார். ஹவாயில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதி செய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு நாள் முந்திய அந்தச் 'சாதாரண' படம். அதில் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் அதன் மதிப்பு. அது இல்லாவிட்டால் புதிய படம் பாதிச் சாட்சிதான்.

குறையும் சொல்ல வேண்டும்

கூர்மைப்படுத்தும் கருவியை அளவுக்கு மீறித் திருகினால், கோளின் விளிம்பில் பொய்யான ஒளிக்கோடு தோன்றும்; சனியின் வளையத்தில் இல்லாத பிரிவுகள் முளைக்கும். இந்தச் சபலம் புதிதல்ல. 1877இல் இத்தாலியின் ஸ்கியாப்பரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு வரைந்தார். அமெரிக்காவின் லோவெல் அவற்றைச் செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்றே எழுதினார். 1909இல் அந்தோனியாடி, பாரிசுக்கு அருகே மூதோன் ஆய்வகத்தின் 83 செண்டிமீட்டர் தொலைநோக்கியில் பார்த்தபோது, கோடுகள் தனித்தனித் திட்டுகளாகச் சிதறின. அன்று கண் இட்டுக்கட்டியதை இன்று மென்பொருள் இட்டுக்கட்டலாம்.

இன்னொரு குறை நம்முடையது. நேர்மையான ஆர்வலர்கள் படத்தின் ஓரத்தில் நாள், உலக நேரம், வடிகட்டி, கருவி எல்லாவற்றையும் குறிப்பார்கள். நாமோ படவில்லை அழகாக வரட்டும் என்று அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறோம். சாட்சியம் அங்கேயே போய்விடுகிறது.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

ஒரு கோள் படத்தை மாணவரிடம் கொடுத்து நான்கு கேள்வி கேளுங்கள்: எப்போது, எங்கிருந்து எடுத்தது? ஒப்பிட வேறு படம் உண்டா? இந்த விவரம் மற்றவர் படத்திலும் தெரிகிறதா? எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள்? திறனாய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களே, "படம் மிக அழகாக உள்ளது" என்பது வெறும் கருத்து. "முந்திய படத்தில் இல்லாத திட்டு இதில் உள்ளது" என்பது சான்று. கருத்துக்குப் பின் சான்று வந்தால்தான் பத்தி நிற்கும். கவிதை நயம் எழுதும்போதும் இதே விதிதான்.

நமக்கு வானமும் சாதகம். கோலா கிளாவாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருப்பதால், வியாழனும் சனியும் உச்சத்துக்கு வரும்போது எந்த ஆண்டிலும் 60 பாகைக்கு மேலேயே நிற்கும். 2020இல் வியாழன் லண்டனில் 20 பாகையைக்கூடத் தாண்டவில்லை. நமக்கோ 64 பாகைக்கு மேல் ஏறியது. உயரம் கூடக்கூட, கடந்து பார்க்க வேண்டிய காற்றும் குறைவு. மேகம் விலகினால் போதும்.

அடுத்த முறை நான் வரிசையை மாற்றப் போகிறேன். முதலில் தொலைநோக்கி, மிளகு அளவுச் சனி. அதைப் பார்த்து மாணவர் கையால் வரைந்த படம், நாள், நேரத்தோடு. மறுநாள்தான் திரையில் மற்றவர் எடுத்த படம். அப்போது "இவ்ளோதானா?" என்று கேட்ட பையன், "இதுல இவ்ளோ எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்பான் என நம்புகிறேன். திறனாய்வு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.